பதுவைக்கு ஒரு நாள்

மாக்கிறட்டின் வலது கையில் மூன்று விரல்கள் அன்றைக்கு மடங்கமாட்டோம் என்று அடம்பிடித்து நின்றன. விடியப்புறம் தொடக்கம் கட்டா மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து, குடலை வழித்து, உப்புத் தேய்த்துத் தொட்டிக்குள் அடுக்கியவள். உப்புப் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கம்பியைச் செருகி இழுப்பதுபோல ஒரு குத்து. பேசாலைக் கரையில் கருவாடு போடும் பெண்களில் இந்தக் குத்து இல்லாதவள் என்று ஒருத்தியைக் காட்ட முடியாது. எண்ணெய் போட்டுத் தேய்ப்பாள், சுடுதண்ணீருக்குள் கையை வைத்திருப்பாள், அடுத்த நாள் திரும்பக் கத்தியை எடுப்பாள். ஆனால் அன்றைக்கு அவளை வாட்டியது கை அல்ல. காலையிலிருந்து ஒரு பயம் விடாமல் கூடவே கிடந்தது.

மகன் கொன்ஸ்ரன்ரைன் மத்தியானத்துக்குப் பிறகு இத்தாலியிலிருந்து கோல் எடுப்பதாகச் சொல்லியிருந்தான்.

அவன் பலெர்மோ என்ற ஊரில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். போய் எட்டு வருசம். அங்கேயே யாழ்ப்பாணத்துப் பெட்டை ஒருத்தியை, அன்ரோனெற்றை, முடித்துவிட்டான். கலியாணத்தைப் போனில்தான் பார்த்தார்கள். இப்போது திடீரென்று, அப்பாவும் அம்மாவும் வந்தே ஆகவேண்டும், பத்து நாளாவது வந்து நில்லுங்கோ என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மன்னார் ரவுணில் ரிக்கற் போடும் ஜவாஹிர்தான் விசாவுக்கு அலுவல் பார்க்கிறவன். எந்த ஊரில் எத்தனை நாள் நிற்கப்போகிறீர்கள் என்று தூதரகத்துக்கு எழுதிக் கொடுக்கவேண்டுமாம். செவ்வாய்க்கிழமைக்குள் முடிவைச் சொல்லச் சொல்லியிருந்தான்.

"செவ்வாய்க்கிழமை வேண்டாம் தம்பி, புதன்கிழமை வாறம்" என்று மாக்கிறட் கேட்டுப் பார்த்தாள். புதன்கிழமை சரிவராது என்றுவிட்டான்.

போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். புருஷன் சிங்கராசா முற்றத்தில் இஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தவர், கையில் எண்ணெய்க் கறையோடு வந்து கதிரையில் குந்தினார். மகனின் முகம் தெரிந்தது. மெலிந்திருந்தான். தலையில் தொப்பி.

"வீட்டுக்குள்ள என்னடா தொப்பி?" என்றார் சிங்கராசா.

"குளிர் அப்பா."

"வெக்கையில மேலுக்குச் சட்டை இல்லாமல் நிக்கிறாய், தலைக்கு மட்டும் குளிருதோ?"

மகன் சிரித்துச் சமாளித்தான். பிறகு பாடமாக்கி வைத்ததுபோல ஒப்புவித்தான். "சனிக்கிழமை வந்து இறங்குவியள். ஞாயிறு, திங்கள் எங்களோட. திங்கள் பின்னேரம் அன்ரோனெற்றின்ர தமையன் வந்து உங்களை ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போவார். புதன்கிழமை பாப்பரசரைப் பாக்கலாம். வெள்ளி வரைக்கும் ரோம். பிறகு ரெண்டு நாள் வெனிஸ். கடைசி நாள் திரும்ப இஞ்ச."

"வெனிஸில என்ன இருக்கு?"

"ஊரே தண்ணிக்குள்ள இருக்கப்பா. ரோட்டுக்குப் பதிலா வள்ளத்திலதான் திரியிறது."

"பேசாலைக்காரனுக்குத் தண்ணியும் வள்ளமும் காட்டுறதுக்கு ரிக்கற்றோ?" சிங்கராசா தொடையில் தட்டிச் சிரித்தார். "டேய், நான் உன்னைப் பாக்க வாறன். பத்து நாளில உன்னோட நாலு நாள்தானே வருகுது? ரோமில இருக்கிற உன்ர மச்சானோட எனக்கென்ன கதை?"

"எனக்கு வேலை அப்பா. அந்தக் கிழமை லீவு தரமாட்டாங்கள்."

மாக்கிறட் போனுக்குக் கிட்டவாக முகத்தைக் கொண்டுபோனாள். "வெனிஸுக்குப் பக்கத்திலதானே தம்பி பதுவை?"

"ஓம், ரயிலில அரை மணித்தியாலம். அந்தோனியார் கோயிலுக்குத்தானே? அங்கயும் உங்களைக் கூட்டிக்கொண்டு போவார். சொல்லி வைக்கிறன்."

"நீ வரவேணும்."

"நான் எப்பிடி அம்மா..."

"ரோம் எனக்கு வேண்டாம். வெனிஸும் வேண்டாம். எனக்குப் பதுவைக்கு ஒரு நாள் தா. ஒரேயொரு நாள். ஆனா நீ என்னோட வந்து, அந்தக் கோயிலுக்குள்ள என்ர பக்கத்தில நிக்கவேணும்."

"ஏலாது அம்மா."

"ஏன் ஏலாது?"

"ஏலாதெண்டா விடுங்கோவன்! சின்னப்பிள்ளை மாதிரிப் பிடிவாதம் பிடிக்கிறியள்." அவன் அப்படிக் கத்துகிறவன் அல்ல. கத்திய கையோடு நெற்றிப்பொட்டை விரலால் அமர்த்திக்கொண்டான், கண்ணை இறுக்கி மூடினான். "பிறகு எடுக்கிறன்" என்றான். முகம் மறைந்துவிட்டது.

சிங்கராசா அணைந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உவனுக்கு என்னவோ நடந்திருக்கு" என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். "உனக்கும் என்னவோ நடந்திருக்கு. பாப்பரசரை வேண்டாமெண்டுற கத்தோலிக்கப் பொம்பிளையை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

மாக்கிறட் விறைத்த விரல்களை மற்றக் கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

"இஞ்சாருங்கோ. அவன் எங்கட பிள்ளை இல்லை."

சிங்கராசாவுக்கு முகம் போன போக்கைப் பார்த்து அவளே பதறிப்போனாள். "ஐயோ, அந்தக் கதை இல்லை! வேற யாற்ற பிள்ளையும் இல்லை. நான் அவனை அந்தோனியாருக்கு வித்துப்போட்டன். இன்னும் திருப்பி வாங்கேல்லை."

நோஞ்சான் பிள்ளையை அந்தோனியாருக்கு விற்று வாங்குவது அவர்களிடத்தில் உள்ள வழக்கம். பீடத்துப் படியில் பிள்ளையைக் கிடத்தி, இனி இது உம்முடைய பிள்ளை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். பிறகு சொன்ன நேர்த்தியைச் செலுத்திப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மெழுகுதிரியோ, பாணோ, கோழியோ, சொன்னது எதுவோ அது. வாங்கும்வரைக்கும் பிள்ளை அவருடையது. வாங்காமல் விட்டால் அவர் எடுத்துக்கொள்வார் என்று எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. அதைக் கிணற்றடியில் சொல்வார்கள்.

ஆனால் கொன்ஸ்ரன்ரைன் நோஞ்சானாக இருந்ததில்லை. மாக்கிறட் அவனை விற்றபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது.

யுத்தக் காலம். ஊர் சுற்றிவளைக்கப்பட்ட ஒரு நாள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் ஆம்பிளைப் பிள்ளைகளை வரிசையில் விட்டிருந்தார்கள். சிங்கராசா அன்றைக்குக் கரையில் மறிபட்டுக் கிடந்தார். வரிசையின் நுனியில் ஒரு கதிரை. கதிரையில் தலையாட்டி, ஆளைக் காட்டிக்கொடுக்க ஆமி கொண்டுவந்து இருத்தியவன். சாக்குத் துணியால் தலையை மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொரு பெடியனாக அதன் முன்னால் போய் நிற்கவேண்டும். சாக்குத் தலை இடமும் வலமுமாக ஆடினால் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழுமாக ஆடினால் பின்னால் நிற்கும் லொறியில் ஏறவேண்டும். தாய்மார் வேலிக்கு வெளியே நின்றார்கள். யாரும் அழவில்லை. அழுதால் சாக்குத் தலை அந்தப் பக்கம் திரும்பும் என்று பயம்.

கொன்ஸ்ரன்ரைன் போய் நின்றான். தலை அசையவில்லை. போ என்றும் விடவில்லை, ஏறு என்றும் காட்டவில்லை. ஓட்டைக்குள்ளிருந்து பார்த்தபடியே இருந்தது.

மாக்கிறட்டுக்குத் தெரிந்த பேரம் ஒன்றுதான். இருபது வருசமாகக் கரையில் மீன் ஏலத்தில் குரல் கொடுத்து வாங்கினவள். கூறு கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தால் ஏலத்தில் செய்கிற வேலை ஒன்றே ஒன்று, ஏற்றிக் கேட்பது. அவள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஏற்றினாள். அந்தோனியாரே, இவனை உமக்குத் தந்தன், மெழுகுதிரி ஏத்தி வாங்குறன். தலை அசையவில்லை, விடவும் இல்லை. நூறு பேருக்குப் பாண் குடுத்து வாங்குறன். இல்லை. கச்சதீவுக் கோயிலில வந்து வாங்குறன். அந்த நாளில் கச்சதீவுக்குப் போவதென்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவது. அதற்கும் அசைவில்லை. பக்கத்தில் நின்ற துவக்குக்காரன் லொறிப் பக்கம் திரும்பினான். மாக்கிறட் கடைசிக் குரலைக் கொடுத்தாள்: உம்மட பதுவையில, உம்மட கல்லறைக்கு முன்னால இவனைக் கொண்டுவந்து நிப்பாட்டி வாங்குறன்.

சாக்குத் தலை இடமும் வலமுமாக ஆடியது. இல்லை, இவன் இல்லை. கொன்ஸ்ரன்ரைன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"பதுவை எங்க கிடக்கெண்டு அப்ப எனக்குத் தெரியாது" என்றாள் மாக்கிறட். "எனக்குத் தெரிஞ்சதில ஆகத் தூரமான பேர் அது. அதுதான் கேட்டனான்."

சிங்கராசா கையிலிருந்த எண்ணெய்க் கறையைச் சாரத்தில் துடைத்தார். பிறகு, "ஏனடி, பக்கத்தில மடு மாதா இருக்கிறா. பஸ்ஸில போய் வந்திருக்கலாம்" என்றார்.

"ஏலம் நடக்கேக்க பஸ்ஸை யோசிக்கிறதோ?"

"கேட்டால் எடுக்கவேணுமே. எடுக்க ஏலாத விலையை ஏன் கேட்டாய்?"

அது அவளுக்கும் தெரியும். கரையில் குரல் கொடுத்துவிட்டுப் பிறகு முகத்தைத் திருப்பினால், அடுத்த நாள் அவள் குரலை யாரும் காதில் போடமாட்டார்கள்.

"அவன் இத்தாலிக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டபோது, அந்தோனியார்தான் கூப்பிடுறார் எண்டு நினைச்சன்" என்றாள். "சந்தோசப்பட்டன். போய்ச் சேர்ந்ததும் பதுவைக்குப் போகச் சொல்லுவம் எண்டு இருந்தன். நான் கிட்ட நிண்டெல்லோ வாங்கவேணும், அவன் தனியப் போய் என்ன செய்யிறது எண்டு விட்டன். வருசம் ஓடிப்போச்சு. இப்ப, ரெண்டு மாசத்துக்கு முன்னம் ஏணியில இருந்து விழுந்தானே. என்ன கிழமை விழுந்தவன்?"

சிங்கராசாவுக்கு நினைவில்லை.

"செவ்வாய்க்கிழமை" என்றாள் மாக்கிறட். "அந்தோனியாற்ற நாள்."

அன்று தொடக்கம் செவ்வாய்க்கிழமைகளில் போன் அடித்தால் எடுக்க அவளுக்குக் கை வராது. அதைப் புருஷனிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை, சிங்கராசா எழும்பி இஞ்சினிடம் போனார், ஒரு நட்டைக் கையில் எடுத்தார், அதை எங்கே போடுவதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை தலைமன்னார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு இருவரும் மன்னார் ரவுணுக்கு வந்தார்கள். ஜவாஹிரின் கடை பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால். கொண்டச்சிப் பக்கத்து ஆள். முன்னம் கருவாட்டு யாவாரம் செய்து மாக்கிறட்டிடம் சரக்கெடுத்தவன்.

"வாங்க அக்கா, இருங்க அண்ணே. என்னண்டு முடிவெடுத்தீங்க? ரோம் எத்தினை நாள்?"

"ரோமை வெட்டுங்கோ தம்பி" என்றாள் மாக்கிறட். "வெனிஸையும் வெட்டுங்கோ. பலெர்மோ ஒன்பது நாள். பதுவை ஒரு நாள்."

"ஒரு நாளில ஏலாதே அக்கா. பலெர்மோ தீவில இருக்கிது. எங்கட மன்னார் மாதிரித்தான், ஆனா பாலம் கிடையாது. பிளேனில போகணும், இல்லாட்டி ரயிலைக் கப்பலில ஏத்திக்கொண்டு போவாங்க. போக ஒரு நாள், வர ஒரு நாள், நிக்க ஒரு நாள். மூணு நாள் போடணும்."

"அப்ப மூண்டு போடுங்கோ."

"ரோமையும் பாக்காம, அப்பிடி என்ன அவசரம் அந்தக் கோயிலில?"

சிங்கராசா சொல்லிவிட்டார். பாதியைச் சொல்லும்போதே ஜவாஹிர் கீபோர்ட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். பகிடி பண்ணப்போகிறான் என்று மாக்கிறட் நினைத்தாள். அவன் பண்ணவில்லை.

"நேர்ச்சை எண்டா பாரம்தான்" என்றான். "எங்கட ஆக்களில, வைச்ச நேர்ச்சையைச் செய்ய ஏலாமப் போனா, ஏழைக்குச் சாப்பாடு குடுத்து, இல்லாட்டி நோன்பு பிடிச்சி ஈடு செய்யலாம் எண்டுவாங்க. உங்களில அப்பிடி ஒண்டும் இல்லையா? சாமியாரிட்டக் கேட்டுப் பாத்தீங்களா?"

"சாமியார் மாத்தித் தருவார்" என்றாள் மாக்கிறட். "ஆனா நான் பேசினது சாமியாரோட இல்லையே."

அந்த நேரம் போன் அடித்தது.

அவள் பார்த்தபடியே இருந்தாள். சிங்கராசாவும் எடுக்கவில்லை. ஜவாஹிர்தான், "இத்தாலி நம்பர், எடுங்க அக்கா" என்று தள்ளிவிட்டான்.

மருமகள் அன்ரோனெற். படம் போடாமல் குரல் மட்டும். "மாமி, பக்கத்தில மாமா இருக்கிறாரோ? உங்கட மகன் வேலைக்குப் போகேல்லை, குளிக்கிறார், கெதியாச் சொல்லிப்போட்டு வைக்கிறன். என்னாலை இனி மறைக்க ஏலாது மாமி. விழுந்த நேரம் தலை வெடிச்சுத் தையல் போட்டவை, அதை மறைக்கத்தான் தொப்பி. அப்ப தலையைப் படம் எடுத்துப் பாத்தவையள். தலைக்குள்ள ஒரு நரம்பு ஊதிப்போய்க் கிடக்காம். விழுந்ததால வந்ததில்லையாம், முந்தியே இருந்ததாம். ஒப்பரேசன் செய்யவேணும். நாள் தந்திட்டினம்."

"எப்ப பிள்ளை?"

"நீங்கள் வந்து இறங்கி நாலாம் நாள். செவ்வாய்க்கிழமை."

மாக்கிறட்டின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. மடங்கமாட்டோம் என்று நின்ற விரல்கள் மூன்றும் நன்றாகவே மடங்கின.

"உங்களைப் பாத்திட்டுத்தான் படுப்பன் எண்டு நிண்டு நாள் கேட்டவர். ஆனா வெட்டுற அண்டைக்கு அம்மா ஆஸ்பத்திரி வாசலில நிக்கிறதைத் தன்னால தாங்க ஏலாதாம். அதுதான் ரோமும் வெனிஸும். எல்லாம் முடிஞ்சு கண் முழிச்ச பிறகு உங்களைத் திருப்பிக் கூப்பிடுறதெண்டு. எனக்குப் பயமாக்கிடக்கு மாமி. நான் தனிய நிக்கமாட்டன்."

"அழாதை பிள்ளை. அழாதை." சொல்லிவிட்டு மாக்கிறட் கேட்டாள்: "அதுக்கு முன்னம் ஒரு நாள் அவனைப் பதுவைக்குக் கொண்டுபோகலாமோ?"

"பிளேனில ஏறவே கூடாதெண்டு சொல்லிப்போட்டினம். ரயிலிலயும் அவ்வளவு தூரம் வேண்டாமாம். படியே பாத்து ஏறட்டாம்." பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வைக்கிறன் மாமி."

ஜவாஹிர் எழும்பி, மூலையில் இருந்த போத்தலில் தண்ணீர் வார்த்துக் கொண்டுவந்து வைத்தான். யாரும் குடிக்கவில்லை.

சிங்கராசாதான் முதலில் பேசினார். "நீ போ. அவனை நான் பாக்கிறன், நீ அந்த மச்சான்காரனோட பதுவைக்குப் போ. போய்க் காலைப் பிடி. பிள்ளை வருத்தக்காரன், ஏலாமல் கிடக்கிறான், பிறகு கொண்டுவாறன் எண்டு சொல்லு."

அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்க நினைக்கப் பயம் கூடியது. அந்தக் கோயிலுக்குள் அவள் வெறுங்கையோடு போய் நிற்கிற நேரம், பலெர்மோவில் மேசையில் அவன் தலையைத் திறந்திருப்பார்கள். பிள்ளையைக் கொண்டுவராமல் வந்தவளிடம் அந்தோனியார் என்ன கேட்பார்? பிள்ளை எங்கே என்று கேட்பார். பலெர்மோவில் கிடக்கிறான் என்று அவளே இடத்தையும் சொல்லிக்கொடுத்ததாகும்.

போகாவிட்டால்? கல்லறை இருக்கிற நாட்டிலேயே பத்து நாள் நின்று, ஒரு ரயில் தூரத்தில் நின்று, முகத்தைக் காட்டாமல் திரும்பி வந்தவள் ஆவாள். அதற்கும் அவர் சும்மா இருப்பாரா?

இரண்டு பக்கமும் அதே சாக்குத் தலை, அதே இரண்டு ஓட்டை. அன்றைக்கு ஏற்றிக் கேட்க அவளிடம் பதுவை இருந்தது. பதுவைக்கு மேலே ஏற்றுவதற்கு இன்றைக்கு ஒரு பேரும் அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா" என்றான் ஜவாஹிர் மெதுவாக. "இண்டைக்கே எழுதணும் எண்டில்ல. நாளைக்கு விடியச் சொன்னாலும் நான் எப்பிடியும் சமாளிக்கிறன்."

"வேண்டாம் தம்பி. நாளைக்கும் இதே பயம்தான்." அவள் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கருவாட்டு நாற்றம் அடித்தது. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத நாற்றம். இதோடுதான் இத்தாலி ஆஸ்பத்திரியில் போய் நிற்கப்போகிறாள். "அவனைப் பெத்த நேரம் நான் கிட்ட நிண்டனான். வரிசையில நிண்ட நேரமும் வேலிக்கு வெளியில நிண்டனான். வெட்டுற நேரம் நான் வேற ஊரில நிக்கமாட்டன். எழுதுங்கோ. பத்து நாளும் பலெர்மோ."

"பதுவை?"

சிங்கராசா மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

"வெட்டுங்கோ."

ஜவாஹிர் தட்டினான். பத்து நாளும் ஒரே ஊர் என்றால் தூதரகத்துக்காரன் ஏன் என்று கேட்பான், மகனைப் பார்க்க என்று போடுகிறேன் என்றான். போடுங்கோ, அதுதானே உண்மை என்றார் சிங்கராசா.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவருக்கும் இருக்க இடம் கிடைத்தது. மாக்கிறட் யன்னல் பக்கம். தோள்பட்டையிலிருந்து அந்தக் குத்து திரும்ப இறங்கிக்கொண்டிருந்தது.

"மகனிட்ட என்ன சொல்லுறது?" என்று கேட்டார் சிங்கராசா. "ரோமுக்குப் போகமாட்டம் எண்டால் காரணம் கேப்பான்."

"உங்களுக்குப் பிளேன் ஒருக்கா ஏறினதே போதும், இன்னொருக்கா ஏறமாட்டன் எண்டு நிக்கிறியள் எண்டு சொல்லுறன்."

"என்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கு."

"இல்லையோ?"

சிங்கராசா அவளின் வெடித்த கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். எதிரே ஒரு பிள்ளைத்தாச்சி ஏறி நின்றதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை. கொண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் சிங்கராசா எழும்பி இடம் விட்டார்.

மாக்கிறட் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மனதுக்குள் கடைசியாக ஒரு தரம் அந்தோனியாரோடு பேசினாள். கெஞ்சவில்லை. ஏற்றிக் கேட்கவும் இல்லை. அந்தோனியாரே, நான் வரேல்லை. அவன் படுத்துக் கிடக்கிற வாசலில நிப்பன். வந்தால் என்னைத் தாண்டித்தான் வரவேணும். கோபமெண்டால் என்னில வையும். உமக்கு நான் தரவேண்டியது கிடக்கு, அது எனக்குத் தெரியும்: பதுவையில, உம்மட கல்லறைக்கு முன்னால, என்ர மகன் கொன்ஸ்ரன்ரைனைக் கொண்டுவந்து நிப்பாட்டி வாங்குற நேர்த்திக்கடன்.